உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?

மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ போனால் நம் ஊர் ஐடி கம்பெனிகளில் எடுத்தவுடன் வருகிற கேள்வி, "டீம் சைஸ் என்ன?" அறுபது என்றால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். எட்டு என்றால், "ஓ, லீட் ரோல் மாதிரியா?" என்று இழுப்பார். அந்த அறுபது பேர் என்ன ஆனார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. யார் வளர்ந்தார்கள், யார் பேப்பர் போட்டார்கள், ஏன் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யார் வீட்டுக்கு போன் போனது? இதெல்லாம் எந்த ரவுண்டிலும் வராது.

சில மாதங்களாக சென்னையில் டெலிவரி மேனேஜர், எஞ்சினியரிங் மேனேஜர் வேலைகளுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். (இப்போதைய ஆபீஸில் ஏற்கெனவே பேப்பர் போட்டாகிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.) மேனேஜர் என்பவர் அடுத்தவர்களை வேலை செய்ய வைக்கிறவர், அவர்களுக்கு வழி விடுகிறவர் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இன்டர்வியூக்களோ வேறு எதையோ தேடுகின்றன.

முதலில் டெக்னிக்கல் ரவுண்டு. ஒரு பேமென்ட் சிஸ்டத்தை வரைந்து காட்டு, லோடு பத்து மடங்கானால் என்ன செய்வாய், கடைசியாக எப்போது கோட் எழுதினாய். இதை நான் குறை சொல்ல மாட்டேன். கோட் படிக்கத் தெரியாத மேனேஜர் யார் என்ன எஸ்டிமேட் கொடுத்தாலும் தலையாட்டுவார், அப்புறம் கிளையண்ட்டிடம் மாட்டிக்கொள்வது டீம்தான். ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. மேனேஜர்கள் தேவைதானா என்பதையே கூகுள் 2008-இல் 'புராஜெக்ட் ஆக்ஸிஜன்' என்ற பெயரில் ஆராய ஆரம்பித்தது. அப்ரைசல்களையும் ஊழியர் சர்வேக்களையும் அலசி, நல்ல மேனேஜரிடம் இருக்கும் எட்டுப் பழக்கங்களைப் பட்டியல் போட்டார்கள். நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலிடம். டெக்னிக்கல் அறிவும் பட்டியலில் உண்டு, ஆனால் எட்டாவதாக. அந்த எட்டாவதுக்குத்தான் இங்கே முதல் ரவுண்டையும் அதிக நேரத்தையும் கொடுக்கிறார்கள்.

அடுத்து மேனேஜீரியல் ரவுண்டு. "ஒரு டிஃபிகல்ட் டீம் மெம்பரை எப்படி ஹேண்டில் பண்ணீங்க?" இதற்கான விடை யூடியூபில் கொட்டிக்கிடக்கிறது. சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்று நாலு படியில் சொல்ல வேண்டும். எல்லோர் கதையிலும் அந்த முரட்டு ஆள் ஒரே ஒரு ஒன்-ஆன்-ஒன்னில் திருந்தி, அடுத்த குவார்ட்டரில் விருது வாங்கிவிடுகிறார். நிஜத்தில் அப்படிப்பட்டவர்களில் பாதிப் பேர் திருந்துவதில்லை, மீதிப் பேர் சொல்வதில் நியாயம் இருக்கும்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே முடிவு செய்த அளவுகோலில் மதிப்பெண் போடுகிற முறைமேல் எனக்குக் கோபமில்லை. ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022-இல் மறுபடி கணக்கிட்டபோது, வேலையில் யார் நன்றாகச் செய்வார் என்று கணிப்பதில் அப்படி வரையறுத்து நடத்தும் இன்டர்வியூதான் பட்டியலில் முதலில் வந்தது. மனம்போன போக்கில் பேசும் இன்டர்வியூ வெகுவாகக் கீழே போய்விட்டது. நான் பார்த்த டைரக்டர் ரவுண்டுகள் பெரும்பாலும் இரண்டாவது ரகம். எந்த காலேஜ், எந்த பேட்ச், அந்த ஹெச்.ஓ.டி. இன்னும் இருக்கிறாரா என்று போகும். ஒருவர் மகன் எந்த கிளாஸ் என்று கேட்டுவிட்டு, "லேட் நைட் கால்ஸ் மேனேஜ் பண்ணிடுவீங்களா?" என்றார். என் கணவரும் இதே துறைதான், இதே மாதிரி வேலைதான். அவரை இன்றுவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

ஒரு நடுத்தர கம்பெனியில், எல்லா ரவுண்டும் முடிந்து "எனி கொஸ்டின்ஸ்?" என்று ஹெச்.ஆர். கேட்டபோது, "எனக்குக் கீழே வரப்போகிற டீமில் யாராவது இரண்டு பேரிடம் பேச முடியுமா?" என்றேன். அந்தப் பெண் திகைத்துவிட்டார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல மேம்." ஆனாலும் ஏற்பாடு செய்தார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

வந்தது ஒரு லீட், ஒரு டெஸ்டர். நான் கேள்வி கேட்பேன் என்று காத்திருந்தார்கள். "நீங்க கேளுங்க" என்றேன். லீட் தயங்கித் தயங்கி, பொங்கல் வாரத்தில் ரிலீஸ் வந்தால் லீவை எப்படிப் பிரிப்பேன் என்று கேட்டார். டெஸ்டர் பெண்ணுக்குத் தயக்கமே இல்லை. "பெல் கர்வ்ல ஒருத்தரைக் கடைசில வச்சே ஆகணும்னு மேல சொன்னா, யாரை வைப்பீங்க? எப்படி முடிவு பண்ணுவீங்க?"

இத்தனை பேனல்களில் யாரும் கேட்காத கேள்வி அது. ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி பிரபலமாக்கிய சமாசாரம் இந்த பெல் கர்வ், வேலைத்திறனைப் பார்த்து மேலே இருபது சதவீதம், கீழே பத்து சதவீதம் என்று ஊழியர்களைப் பிரிப்பது. மைக்ரோசாஃப்ட் 2013-இல் தன் பங்குக்கு இதைக் கைவிட்டது. நான் வேலை பார்த்த இடங்களில் பெயர் மாறியதே தவிர, மேலிருந்து வரும் எண்ணிக்கை மாறவில்லை.

"கடைசில வர்றவருக்கு அது அப்ரைசல் அன்னிக்குத்தான் தெரியும்னா தப்பு என் மேல. மாசக்கணக்கா முன்னாடியே சொல்லியிருக்கணும். எல்லாரும் நல்லா பண்ணியிருந்தா அந்த எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி சண்டை போடுவேன், ஜெயிப்பேன்னு வாக்கு கொடுக்க முடியாது" என்றேன்.

"போன மேனேஜரும் இதையேதான் சொன்னார் மேம்."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. வளர்ச்சியால் புதிதாக உருவான பொசிஷன் என்றுதான் ஹெச்.ஆர். என்னிடம் சொல்லியிருந்தார். விசாரித்தால், முந்தைய மேனேஜர் ஒரு வருடம்கூட நிற்கவில்லை, அவருக்குப் பின்னாலேயே ஐந்து பேர் போயிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அந்த இருவரிடம் தெரிந்துகொண்டது, மற்ற ரவுண்டுகள் எல்லாம் சேர்ந்தும் எனக்குச் சொல்லாதது. என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கம்பெனி அவர்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

சம்பளப் பேச்சு தனிக் கூத்து. ஆஃபருக்கு முன்பே மூன்று மாத பேஸ்லிப்பை அப்லோடு செய்யச் சொல்கிறார்கள், அதன்மேல் இத்தனை சதவீத ஹைக் என்று கணக்கு. கலிஃபோர்னியாவில் பழைய சம்பளத்தைக் கேட்பதற்கே 2018 முதல் தடை. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-இல் இதற்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்து, உறுப்பு நாடுகள் 2026 ஜூனுக்குள் சட்டமாக்க வேண்டும் என்றது. நம் ஊரில் குழந்தைக்காக இரண்டு வருடம் பிரேக் எடுத்துவிட்டுக் குறைந்த சம்பளத்தில் திரும்பி வந்த ஒரு பெண், அந்தப் பள்ளத்தை ஒவ்வொரு கம்பெனிக்கும் சுமந்துகொண்டே போக வேண்டும். இதுபோக, "முப்பது நாள்ல ஜாயின் பண்ணிடுங்க" என்கிறவர்களின் சொந்த ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியட் 90 நாள்.

சரி, அந்த நடுத்தர கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் பரவாயில்லை. போனவர்களின் இடத்துக்கு ஆள் எடுக்கும் முடிவு என்னிடம் இருக்குமா, ரேட்டிங் எண்ணிக்கையை யார் முடிவு செய்கிறார்கள் என்று இரண்டே கேள்விகளை மெயிலில் அனுப்பினேன். "பிசினஸ் ஹெட் கிட்ட செக் பண்ணிட்டு சொல்றேன் மேம்" என்றிருக்கிறார் ஹெச்.ஆர். அந்தப் பதில் வருகிற வரைக்கும் கையெழுத்துப் போடுவதாக இல்லை.