ரெஸ்ட்டு எடுக்கப் போன அஞ்சலையக்கா

(காசிமேடு, மே மாசம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குக் கடல் கிடையாது. மீன் விக்கிற அஞ்சலையக்காவுக்கும் வேலை கிடையாது. நாஸ்டா கடை குமாரிக்கு மட்டும் விடுப்பில்லை. இட்லிக்குத் தடைக்காலம் போட இன்னும் எந்த அதிகாரிக்கும் தோணவில்லை.)

குமாரி: இன்னாக்கா, ஆளையே காணோம்? வூடு பூட்டிக் கெடந்துச்சு.

அஞ்சலை: ரெஸ்ட்டு எடுக்கப் போனேன்மே. பொண்ணு நல்லா வேலை செஞ்சுதுன்னு ஆபீஸ்ல ஏரிக்கரை லாட்ஜுல தங்க சீட்டு குட்த்தாங்க. அதுக்கு லீவு கெடைக்கல, என்னை அனுப்பிடுச்சு.

குமாரி: ரெஸ்ட்டு குடுப்பாங்களாம், லீவு குடுக்க மாட்டாங்களாமா?

அஞ்சலை: அதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. நமக்குப் புரியாது.

குமாரி: எந்தப் பக்கம்?

அஞ்சலை: பழவேற்காடு. தண்டையார்பேட்டைல கும்மிடிப்பூண்டி ரயிலு, பொன்னேரில எறங்கி பஸ்ஸு, அப்பால படகு. கடை இல்ல, சத்தம் இல்ல, செல்லுல சிக்னலு இல்ல. பக்கத்து ரூம்காரரு "ஆகா, ஒண்ணுமே இல்ல"ன்னு சந்தோசப்படறாரு. அந்த ஒண்ணுமே இல்லாததுக்குத்தான் அவ்ளோ துட்டாம்.

குமாரி: படகுல பயமா இல்லியா?

அஞ்சலை: நடு ஏரில தரை தட்டி நின்னுடுச்சு. கூட வந்த பசங்க லைஃப் ஜாக்கெட்டு, லைஃப் ஜாக்கெட்டுன்னு ஒரே கூச்சலு. படகுக்காரரு லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு எறங்கித் தள்றாரு. தண்ணி அவுரு முட்டிய தாண்டல.

குமாரி: பூநாரை பாத்தியா? கூட்டங் கூட்டமா வரும்பாங்களே?

அஞ்சலை: ரூம் சொவத்துல படமா மாட்டிக்கீது. ஏரில ஒண்ணியும் காணோம். "அது குளிர்காலத்துல வரும்மா"ன்றான் ரூம் பையன். பறவைக்குக் கீற அறிவு பாரு, மே மாச வெயில்ல வர்றது மனுசன் மட்டுந்தான்.

குமாரி: சரி, ரெஸ்ட்டு எப்டி எடுத்த?

அஞ்சலை: எங்க வுட்டானுங்க? ரெண்டு மரத்துக்கு நடுவுல வலையக் கட்டி, "படுங்கம்மா, சொகமா இருக்கும்"ன்றான். மனுசன படுக்க வெக்கிற வலையாமே அது! ஒரு காலு வலைக் கண்ணில பூந்துக்கினு வரல. புரண்டா மொகம் கீழ, முதுகு மேல. ரெண்டு பேரு வந்து அவுத்து வுட்டாங்க. எத்தினி வருசமா வலையில மாட்னத எடுத்து வித்தவ நானு. நல்லவேளை, நம்ம ஏரியா ஆளு எவனும் பாக்கல.

குமாரி: (சிரிப்பில் சட்னி கொட்டுகிறது) தூக்கமாவது வந்துச்சா?

அஞ்சலை: ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுச்சு. ஏலத்துக்குப் போற ஒடம்புமே இது. கூடை இல்லியேன்னு கையி தேடுது. வெளிய வந்து நின்னா, வாட்ச்மேன் என்னைப் பாத்து பேய்னு நெனச்சு ஓட்றான்.

குமாரி: பாவம்க்கா அவன். சாப்பாடு?

அஞ்சலை: அங்கதான் பேஜாரு. "ஃப்ரெஷ் வஞ்சிரம்மா"ன்னான் மேனேஜரு. தடைக்காலத்துல ஏதுடா ஃப்ரெஷ் வஞ்சிரம்னு நேரா சமையக்கட்டுக்குப் போயிட்டேன். செவுளத் தூக்கிப் பாக்கறேன், காப்பித்தூளு கலரு. கண்ணு உள்ள பூந்துகீது. ஏன்யா, ஏரில நாட்டுப்படகு ஓடிக்கினுதான கீது, மடவையும் இறாலும் வாசல்ல துள்ளுது, ஐஸ்ல செத்த வஞ்சிரத்தப் போயி எடுக்கறியேன்னு கேட்டேன். "வர்றவங்க அந்தப் பேர்தான் கேக்கறாங்கம்மா"ன்றாரு.

குமாரி: வர்றவங்களுக்கு வஞ்சிரத்த வுட்டா வேற மீனு தெரியாதுக்கா.

அஞ்சலை: அப்பால நண்டு. நல்ல சேத்து நண்டு, கொடுக்கு ரெண்டும் என் கையி அகலம். நண்டு தனி ரேட்டு, எட போட்டுத்தான் தருவாங்களாம். தராசுல வெக்கறான், அத்தச் சுத்தி ஊறப்போட்ட சணல் கயிறு, சொட்டுச் சொட்டா தண்ணி வடியுது. என்கிட்டயேவா? நானே நண்டு வித்தவ. கயித்த அவுத்துட்டு எட போடுன்னேன்.

குமாரி: யக்கா, அவுத்தானா?

அஞ்சலை: அவுத்தான். நண்டு தராசுல நிக்குமா? குதிச்சு, சாப்பிடற எடத்துக்கு ஓடிச்சு. பக்கத்து ரூம்காரரு சேரு மேல. அவரு சம்சாரம் மேசை மேல. கரண்டியத் தூக்கிக்கினு சமையக்காரன் எதிர்ப்பக்கம் ஓட்றான்! நான்தான் மெதுவா பின்னால போயி, ஓட்ட அமுக்கி, பின்காலப் புடிச்சுத் தூக்கினேன். கை தட்றாங்கமே! ஒருத்தன் போட்டோ எடுக்கறான்.

குமாரி: எட எவ்ளோ கொறஞ்சுது?

அஞ்சலை: கேட்ட பாரு, நீதான் யாவாரி! கயிறு மட்டும் நூத்தம்பது கிராம். ஒட்னே மேனேஜரு கையப் புடிச்சுக்கினாரு. அப்பறம் எனக்கு எடமே சமையக்கட்டுதான். மடவைய ஆஞ்சு, பச்ச மாங்கா போட்டு கொழம்பு வெச்சேன்; ரூம்காரங்க சட்டியத் தொடச்சு சாப்டாங்க. அமாவாசை நண்டுலதான் சதை கீது, பௌர்ணமி நண்டு சோடை, பாத்து வாங்குன்னும் சொல்லிக் குட்த்தேன்.

குமாரி: அந்த ஊரு ஜனங்க எப்டி?

அஞ்சலை: தங்கமான ஜனம். ஏரில எந்த எடத்துல இன்னிக்கு யாரு வலை போடணும்னு முறை வெச்சுக்கினு கீறாங்க, அத்தப் பாடுன்றாங்க. முறை இல்லாதவன் கரையில உக்காந்து வலை பின்றான். நம்ம ஏலத்துல இப்டி ஒரு முறை வந்தா, எனக்கும் அந்த எதிர்க்கடைக்காரிக்கும் பேச விஷயமே இருக்காது.

குமாரி: எனக்கும் ஒரு வாட்டி போணும்க்கா. இந்த அடுப்ப வுட்டுட்டு ஏரியப் பாத்துக்கினு சொம்மா உக்காரணும்.

அஞ்சலை: ஒனக்குந்தான் பேசிட்டு வந்தேன். அங்க காத்தால ரொட்டியும் வெள்ளரிக்காவும் வெக்கிறான், ஒருத்தனும் தொடல. எங்க குமாரிய அனுப்பறேன்னு மேனேஜருகிட்ட சொன்னேன். தினமும் நூறு இட்லி, வடை, தேங்கா சட்னி.

குமாரி: யக்கா!

அஞ்சலை: இன்னாத்துக்குக் கத்தற? அடுப்ப ஏரியப் பாத்தாப்புல போட்டுத் தர்றேன்னுட்டாரு.