யாரும் பதியச் சொல்லாத ஊரில்

கோலாலம்பூருக்குப் புதிதாக வந்து சேரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வீடு, பள்ளிக்கூடம், இட்லி மாவு கிடைக்கும் கடை என்று எல்லாவற்றையும் என்னிடம் விசாரிக்கிறார்கள். மருத்துவரைப் பற்றி மட்டும் யாருக்காவது காய்ச்சல் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஐந்தாண்டுகளாக வசிக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதால், அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இந்த அலட்சியத்துக்குக் காரணம் உண்டு. மலேசியாவில் குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. என் தம்பி இங்கிலாந்தில் லெஸ்டருக்குக் குடிபெயர்ந்தபோது, முதல் வாரமே வீட்டுக்கு அருகிலிருந்த மருத்துவரிடம் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டான். அதற்கு முகவரிச் சான்றுகூடக் கட்டாயமில்லை. நாளை அவன் வேறு ஊருக்கு மாறிப் புதிய மருத்துவரிடம் பதிந்தால், அவனுடைய மருத்துவக் குறிப்புகளும் அங்கே போய்ச் சேரும். (விசா எடுக்கும்போதே ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டுப் போனவன், எல்லாம் இலவசம் என்று பெருமை பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும்.) இங்கேயோ எந்தத் தனியார் கிளினிக்கிலும் நுழையலாம், கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு, கூட்டம் இல்லாத நாளென்றால் அரை மணி நேரத்தில் மருந்தோடு வெளியே வந்துவிடலாம். தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி கிளினிக்தான் சுகாதார அமைச்சில் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். நோயாளி யாரிடமும் பதிய வேண்டியதில்லை.

இதைப் பெரிய வசதி என்றே நானும் நினைத்திருந்தேன். எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் ஊரில் நம் உடம்பின் முழு வரலாறு ஒருவர் கையிலும் இருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

என் மாமியாருக்கு இரத்தக் கொதிப்பு. திருச்சியிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் தீரும் நேரத்தில், வீட்டுக்கு எதிரிலிருந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். முகப்பில் இருந்த பெண், "அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கா?" என்று கேட்டார். "காலையில் காப்பி மட்டும்தான் குடித்தேன்" என்றார் மாமியார். இங்குள்ள தமிழர்கள் நீரிழிவை அப்படித்தான் சொல்வார்கள் என்பது எங்கள் இருவருக்கும் அன்று தெரியாது. மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்தார். சில வாரம் கழித்து இருமலுக்காக வேறொரு கிளினிக்குக்குப் போனபோது, அங்கும் அழுத்தம் கூடுதலாக இருந்ததால் இன்னொரு மாத்திரை கொடுத்தார்கள். "ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கத்தான் செய்தார்கள், "ஏதோ பிரஷர் மாத்திரை, சின்னதாக வெள்ளையாக இருக்கும்" என்று பதில் சொன்னது நான்தான்.

அடுத்த இரண்டு வாரத்தில் அவருடைய கணுக்கால்கள் வீங்கி, செருப்பின் வாரை மாட்ட முடியாமல் போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா ஓய்வுபெற்ற தாதி, நம் ஊரில் நர்ஸ் என்போம். அவர் இரண்டு மருந்துப் பொட்டலங்களையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தார். இங்கே பெரும்பாலும் கிளினிக்கிலேயே மருந்து கொடுத்துவிடுவார்கள். நோயாளியின் பெயரை ஒட்டிய சிறிய பிளாஸ்டிக் பைகள். ஒன்றில் வணிகப் பெயர், மற்றொன்றில் மருந்தின் பெயர். "தங்கச்சி, ரெண்டும் அம்லோடிபின்தான்" என்றார் அக்கா. கால் வீக்கம் அந்த மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. அளவு கூடினால் வீக்கமும் கூடும். மறுநாள் மருத்துவரிடம் காட்டி ஒன்றை நிறுத்தினோம்.

அதற்குப் பிறகுதான் நாங்களாகவே ஒரு கிளினிக்கைத் தேர்ந்து, நோய் எதுவும் இல்லாத ஒரு நாளில் போய், மாமியாரின் பழைய சீட்டுகளையெல்லாம் கொடுத்துக் கோப்பு திறக்கச் சொன்னோம். முகப்பில் இருந்தவருக்கு அது விநோதமாகத்தான் இருந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கிளினிக்குகளில் வெவ்வேறு மருத்துவர்கள் முறைவைத்து வருவதால் ஒவ்வொரு முறையும் வேறு முகத்தைப் பார்க்க நேரிடும் என்று, உரிமையாளரே உட்கார்ந்து பார்க்கும் சிறிய இடமாகத் தேடினேன். ஒருவரையே நம்பி அவர் சரியில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான், அப்போது கோப்பிலிருந்து மருத்துவ அறிக்கை வாங்கிக்கொண்டு மாறிவிடலாம்.

மருந்துகளை வணிகப் பெயரால் அறிவது நம் ஊர்ப் பழக்கம். அங்கே டோலோ 650 என்று கேட்டு வாங்குபவர் இங்கே பனடோல் என்று கேட்க வேண்டும். இரண்டும் பாரசிட்டமால்தான், ஆனால் பனடோல் மாத்திரை 500 மில்லிகிராம். அந்த ஒன்றாவது எல்லோருக்கும் தெரியும். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளின் உண்மைப் பெயரை, அளவோடு, ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருவதற்குப் பெட்டியில் இடம் தேவையில்லை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது விதி. விலையைப் பார்க்கும்போதே பெயரையும் குறித்துக்கொள்ளலாம்.

அரசு கிளினிக் ஒரு வெள்ளிதானே (வெள்ளி என்பது ரிங்கிட்) என்று இங்குள்ளவர்கள் அன்போடு வழிகாட்டுவார்கள். அது குடிமக்களுக்கான கட்டணம். நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு.

உணவகங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலைக்கு வரும் நம் பிள்ளைகளின் நிலைதான் எனக்கு உறுத்துகிறது. பலருக்கு முதலாளி குறித்துக் கொடுத்த பேனல் கிளினிக்தான் மருத்துவர். அங்கே எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, கிடைக்குமா என்பதே முதல் கவலையாக இருக்கும்போது, ஊரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதையும் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லத் தோன்றாது. வேலை மாறினால் பேனலும் மாறுகிறது. குறிப்புகள் பழைய கிளினிக்கின் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. தொழிலாளரை அழைத்துவரும் முகவர்கள் பயணத்துக்கு முன் ஒரே ஒரு தாளில் இவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கச் செய்தால் அவர்களுக்குச் செலவு என்று எதுவும் ஆகிவிடாது.

அடுத்த மாதம் நாங்கள் காஜாங்குக்கு வீடு மாறுகிறோம். மாமியாரின் கோப்பிலிருந்து மருத்துவ அறிக்கை கேட்டிருக்கிறேன். கட்டணம் உண்டு, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.