கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை வாட் என்று கேட்டீர்களா?

என் அக்கா மகன் திருச்சியில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, படிப்புக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே மடிக்கணினி, அதுவும் 75,000 ரூபாய்க்குள் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். "ஆர்டிஎக்ஸ் 4050 இருந்தா போதும் சித்தி, மத்தது எதுவா இருந்தாலும் பரவாயில்ல" என்றான் அவன். விளையாட்டின் காட்சிகளை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் பெயர் அது. 2021-இல் என் தம்பியும் கார்டின் எண்ணை மட்டும் மாற்றி இதையேதான் சொன்னான். அன்று அதை நம்பி நான் செய்த தவறு இன்னும் உறுத்துவதாலும், கல்லூரி திறக்கும் மாதங்களில் இதே கேள்வியோடு பல பெற்றோர் என் உள்பெட்டிக்கு வருவதாலும், எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தம்பிக்கு நான் வாங்கிக் கொடுத்தது, ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஸ்டிக்கர் ஒட்டிய, மெல்லிய, பார்வைக்கு அழகான ஒரு மடிக்கணினி. ஒரு மாதம் கழித்து அவனுடைய விடுதித் தோழன் அதே 3050 உள்ள, தடிமனான வேறொன்றை ஏறக்குறைய அதே விலைக்கு வாங்கினான். இருவரும் ஜிடிஏ 5 விளையாட்டை ஒரே செட்டிங்கில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தபோது, தம்பியின் கணினி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பின்தங்கியது. பழுதாக இருக்குமோ என்று சர்வீஸ் மையத்துக்கு இரண்டு முறை அலைந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. எங்கள் கணினியில் அந்தக் கார்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த மின்சாரம் 45 வாட்; தோழனுடையதில் 80 வாட். வாங்கிய அன்று அந்த எண்ணை எங்களிடம் யாருமே சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

மடிக்கணினிக்கான கிராபிக்ஸ் சிப்பை என்விடியா தயாரித்துக் கொடுத்தாலும், அதற்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை மடிக்கணினி நிறுவனம்தான் குறிப்பிட்ட வரம்புக்குள் தீர்மானிக்கிறது. 3050-க்கு அந்த வரம்பு 35 முதல் 80 வாட் வரை. 4050-க்கும் 4060-க்கும் 35 முதல் 115 வாட் வரை. மூன்று மடங்குக்கும் மேலான இந்த இடைவெளிக்குள் எங்கே நின்றாலும் ஸ்டிக்கரில் இருப்பது ஒரே பெயர்தான். மிக்சி வாங்கப் போனால்கூட 500 வாட்டா 750 வாட்டா என்று கேட்டு வாங்குகிற நாம், அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள பொருளில் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. 2017 முதல் சில ஆண்டுகளுக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகைகளுக்கு மேக்ஸ்-கியூ என்ற தனி அடைமொழி கார்டின் பெயரிலேயே இருந்தது. வாங்குபவருக்கு அது ஓர் எச்சரிக்கையாகவாவது பயன்பட்டது. 2021-இல் 3050 உள்ளிட்ட 30 வரிசைக் கார்டுகள் வந்தபோது அந்த அடைமொழி பெயரிலிருந்து போய்விட்டது. அது போனதில் நட்டம் வாங்குபவருக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

வாட்டைக் குறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும். அதற்குச் செப்புக் குழாய்களும், பெரிய விசிறிகளும், காற்றுப் போக இடமும், கனமான சார்ஜரும் தேவை. இவை எல்லாமே செலவு. விலையைக் குறைக்க நினைக்கும் நிறுவனம் ஸ்டிக்கரில் தெரியாத இந்த இடங்களில்தான் முதலில் கை வைக்கிறது. ஆகவே நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த மாடலுக்கான முழு விவரப் பட்டியலைத் திறந்து, கிராபிக்ஸ் வரியில் டிஜிபி (TGP, கார்டுக்கான மொத்த மின்சாரம்) என்ற எழுத்துகளுக்கு அருகே உள்ள எண்ணைப் பாருங்கள். எண் எங்குமே இல்லையென்றால் சார்ஜரின் வாட்டைப் பாருங்கள். விளையாட்டுக் கணினி என்று சொல்லிக்கொண்டு சார்ஜர் 120 வாட்டில் நின்றால், கார்டுக்குப் போய்ச் சேரும் பங்கு சிறியதாகத்தான் இருக்கும். அதே சமயம், வாட் ஏற ஏற வேகமும் அதே அளவில் ஏறிக்கொண்டே போகாது. 4050-இல் 100 வாட்டுக்கு மேல் கிடைப்பது சொற்பம். அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிரூட்டிய அறையில் சோதித்து வெளியிடப்படும் காணொளிகளில் கணினி சமாளித்துவிடும். திருச்சியில் மே மாதத்து விடுதி அறை 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, அந்தக் கூடுதல் வெப்பம் அப்படியே சிப்பின் வெப்பநிலையிலும் ஏறும்; சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே மெலிவும் எடைக் குறைவும் வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களை, இந்த விலையில் அந்த ஆசையை விட்டுவிடச் சொல்கிறேன். இரண்டேகால் கிலோ கனம் தோளுக்குப் பாரம்தான், ஆனாலும் அந்தக் கனத்தின் ஒரு பகுதி வெப்பத்தை வெளியேற்றும் செம்பு.

அடுத்தது ரேம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அதைப் பொருத்த இரண்டு ஸ்லாட் இருந்தும் ஒன்றில் மட்டுமே ரேம் இருக்கும். இதனால் கொள்ளளவு மட்டுமல்ல, தரவு போய்வரும் பாதையும் பாதியாகிவிடுகிறது. ப்ராசஸர் காத்துக் கிடக்க, விளையாட்டு அவ்வப்போது திக்கித் திணறும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளன என்று தெரிந்துவிடும். காலியாக ஒரு ஸ்லாட் இருப்பது நல்லதே, பிறகு போட்டுக்கொள்ளலாம். மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேம் மட்டும் உள்ள மாடலைத் தவிர்த்துவிடுங்கள்.

கார்டுக்கு உள்ளேயே இருக்கும் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். 2021-இல் வந்த 3050-இல் அது 4 ஜிபி, 4050-இல் 6, புதிய 5050-இல் 8. இது பிறகு மாற்றவே முடியாதது. 2024 டிசம்பரில் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு குறைந்தபட்சமாகவே 8 ஜிபி கேட்கிறது. ஆனால் உங்கள் பிள்ளை என்ன விளையாடுகிறான் என்று முதலில் கேளுங்கள். வலரன்ட் விளையாட்டு நொடிக்கு 144 ஃபிரேமுக்கு (படங்களுக்கு) மேல் ஓட அதன் தயாரிப்பாளர்கள் பரிந்துரைத்தது 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பழைய கார்டு. அதை மட்டுமே விளையாடுகிறவனுக்கு நல்ல வாட் கொண்ட 3050 தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தைத் திரைக்குக் கொடுக்கலாம்.

திரையைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன், ஏனென்றால் நான்கு ஆண்டுகள் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கப் போவது அதைத்தான். 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள்; திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படும் என்று அர்த்தம். அதன் கீழே சின்னதாக 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும் என்று பொருள். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டுமே திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதைத் தேடுங்கள்.

ப்ராசஸரில் ஒன்றே ஒன்றைச் சொல்லி நகர்கிறேன். ஏஎம்டி ரைசனின் 7000 வரிசைப் பெயர்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறையைக் காட்டும். 7535-இல் அது 3, ஆகவே பெயர் புதிதானாலும் உள்ளிருப்பது முந்தைய தலைமுறை. 7640-இல் அது 4. விலை குறைவாக இருந்தால் பழையதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் 7435-இல் ப்ராசஸருக்குள்ளேயே உட்பொதிந்த சிறிய கிராபிக்ஸ் கிடையாது. வகுப்பில் குறிப்பெடுக்கும்போதும் பெரிய கார்டே இயங்க வேண்டியிருப்பதால் பேட்டரி சீக்கிரம் கரையும்.

இவ்வளவையும் அக்கா மகனோடு மூன்று மாலை உட்கார்ந்து ஒப்பிட்டோம். முடிவில் 4050 உள்ள ஒரு தடித்த மாடலையே எடுத்தோம். கார்டுக்கு 95 வாட், எஸ்ஆர்ஜிபி திரை, ரேம் மட்டும் ஒரே ஒரு 8 ஜிபி. பெட்டியைப் பிரித்த அன்று, பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு ஓடிக்கொண்டிருந்ததால், முதல் வேலையாக என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் விவரத்தைத் திறந்து அதிகபட்ச மின்சாரத்தைப் பார்க்கச் சொன்னேன். 95 என்று படம் எடுத்து அனுப்பினான். அந்தச் சனிக்கிழமையே சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிக் கூரியரில் அனுப்பிவைத்தேன்.