குடல்வாலை விடுங்கள், குரல் நரம்பைப் பாருங்கள்

பரிணாமத்துக்கு உடற்கூற்றுச் சான்று கேட்டால் குடல்வாலையும் வால் எலும்பையும் காட்டி "பயனற்ற உறுப்பு" என்கிறோம். "குடல்வாலில் நோய் எதிர்ப்புத் திசு இருக்கே, வால் எலும்பில் தசைகள் பிடித்திருக்கே" என்று எதிராளி கேட்டதும் வாதம் படுத்துவிடுகிறது. அவர் சொல்வது சரிதான். எச்ச உறுப்பு (மூதாதையரிடமிருந்து மிச்சமாக வந்தது) என்றால் பயனற்றது என்று பொருளே இல்லை. பாடம் நடத்துபவர்கள் தயவுசெய்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

சான்று பயனில் இல்லை, பாதையில் இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு குரல்வளையின் பக்கமாகவே கடந்து போகிறது. ஆனால் இடது குரல்நாணை அசைக்கும் கிளை, அதாவது குரல் நரம்பு, அங்கே பிரிவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வளைவை அடியில் சுற்றி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் திரும்ப மேலேறி வருகிறது. வலது கிளை, வலக்கைக்குப் போகும் தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்பும். ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே வழிதான். நீளம் 4 மீட்டர் அளவுக்கு.

மீனைப் பார்த்தால் புரிந்துவிடும். அதில் வேகஸின் கிளைகள் அந்தந்தச் செவுள் தமனிக்குப் பின்னால் நேராகச் செவுளுக்குப் போகின்றன, சுற்றே கிடையாது. நம் கருவிலும் 4-ஆவது வாரத்தில் அதே வரிசையில், செவுள் தமனிகளுக்கு ஈடான வளைவுத் தமனிகள் தோன்றத் தொடங்குகின்றன. குரல் நரம்பு 6-ஆவது தமனிக்குக் கீழே போகிறது. கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கும்போது தமனி கொக்கி மாதிரி நரம்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. வலப்பக்கம் 6-ஆவதின் வெளிப்பாதி மறைந்துவிடும், 5-ஆவது நிலைப்பதில்லை. நரம்பு 4-ஆவதில், அதாவது பின்னால் வலக்கைத் தமனியாகும் பகுதியில், மாட்டிக்கொள்கிறது. இடப்பக்கம் 6-ஆவது, பிறக்கும்வரை நுரையீரல் தமனியை மகாதமனியோடு இணைக்கும் குழாய்; பிறகு சுருங்கி நாராகிவிடும். நரம்பு இன்னும் அந்த நாருக்கு அடியில்தான் கிடக்கிறது.

நரம்பை அறுத்துக் குறுக்கே ஒட்ட இயற்கைத் தேர்வுக்கு வழியில்லை. கழுத்து கொஞ்சம் நீண்டால் நரம்பும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். அதனால்தான் குரல் கம்மல் வாரக்கணக்கில் நீடித்தால் தொண்டையோடு நெஞ்சையும் பார்க்கிறார்கள்: மகாதமனி வீங்கினாலும், இடது நுரையீரலில் கட்டி வந்தாலும் இந்த நரம்பு நசுங்கும்.

"போகிற வழியில் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் கிளை கொடுக்கத்தான் இந்தச் சுற்று" என்பார்கள். கிளை கொடுப்பது உண்மை. ஆனால் 100 பேரில் ஒருவர் அளவுக்குச் சிலருக்கு அந்த வலக்கைத் தமனி இடம் மாறி, மகாதமனி வளைவின் கடைசியில் கிளம்புகிறது. கொக்கி இல்லை; வலது நரம்பு கழுத்திலேயே பிரிந்து நேராகக் குரல்வளைக்குப் போகிறது. அவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். தைராய்டு அறுவையில்தான் ஆபத்து: வழக்கமான பள்ளத்தில் தேடினால் நரம்பு கிடைக்காது, குறுக்கே தெரியும் இழையை ரத்தக்குழாய் என்று நினைத்து வெட்டிவிட வாய்ப்புண்டு.