ஃப்ளூ ஒருமுறை வந்தால் மறுபடி வராதா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "ஃப்ளூ ஒருதரம் வந்துட்டா ஆயுசுக்கும் வராது. வருஷா வருஷம் ஊசி போடச் சொல்றது வெறும் வியாபாரம்."

தவறு. தட்டம்மைக்கு வேண்டுமானால் முதல் பாதி பொருந்தும். ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ.; படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்த அதற்கு வழி கிடையாது. பல பிழைகளால் எதுவும் ஆகாது. சில மட்டும், வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதத்தின் வடிவத்தை மாற்றிவிடும். அப்புறம், பழைய காய்ச்சலில் நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதைச் சரியாகப் பிடிக்காது. ஒரே பருவத்தில்கூட சற்றே வேறுபட்ட வைரஸ்கள் பரவும்.

இரண்டு வகை ஃப்ளூ வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்தால், எட்டுத் துண்டுகளாக இருக்கும் அவற்றின் மரபுப்பொருள் கலந்து புது வகையே பிறக்கலாம். 2009-ல் உலகெங்கும் பரவிய பன்றிக்காய்ச்சல் வைரஸ் அப்படிக் கலந்து உருவானதுதான்.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஊசியில் சேர்க்கும் வகைகளை ஆண்டுக்கு இருமுறை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. வீட்டில் கர்ப்பிணியோ முதியவரோ சர்க்கரை நோயாளியோ இருந்தால், தயவுசெய்து அந்தப் பதிவை நம்பி ஊசியைத் தவிர்க்காதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.