தீர்க்கச் சொல்வதற்கு முன் சரிபார்க்கச் சொல்லுங்கள்

மாதிரித் தேர்வுத் தாள்களை இப்போதுதான் திருத்தி முடித்தேன். கை சூட்டோடு எழுதுகிறேன், பதிவு கொஞ்சம் நீளும். கால்குலஸ் தேர்வுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகளை (ஒரு சார்பு மாறும் வேகத்தை, அதாவது வகைக்கெழுவை, வைத்து அந்தச் சார்பையே கண்டுபிடிக்கும் சமன்பாடுகளை) நாம் நடத்தும் வரிசையே தலைகீழாக இருக்கிறது என்பது என் கட்சி.

ஒரு கேள்வி. ஒரு சார்பின் வகைக்கெழு அந்தச் சார்புக்கே சமம். எக்ஸ் 0 ஆகும்போது ஒய் 3. சார்பைக் காண்க. இதைவிட எளிதாக இந்தப் பாடத்தில் கேட்க முடியாது. பிள்ளைகள் மாறிகளை ஒழுங்காகப் பிரித்தார்கள், அதாவது ஒய் எல்லாம் ஒரு பக்கம், எக்ஸ் எல்லாம் மறுபக்கம். தொகையிட்டு ஒரு பக்கம் 'லாக் ஒய்', மறுபக்கம் 'எக்ஸ்' என்றும் எழுதிவிட்டார்கள். தொகையிடும்போது சேர்க்க வேண்டிய மாறிலியை (சி) அங்கே மறந்துவிட்டு, லாகை நீக்கி 'இ அடுக்கு எக்ஸ்' என்று வந்த பிறகு ஞாபகம் வந்து கடைசியில் ஒரு 'பிளஸ் சி' ஒட்டினார்கள். 3 என்று போட்டுப் பார்த்தால் சி 2 வருகிறது. 'இ அடுக்கு எக்ஸ் கூட்டல் 2' என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டாயிற்று.

இதை வகையிட்டுப் பாருங்கள். அந்த 2 காணாமல் போய்விடும். வகைக்கெழுவும் சார்பும் சமமாக இல்லை, அதாவது இது தீர்வே இல்லை. மாறிலியைத் தொகையிட்ட வரியிலேயே சேர்த்திருந்தால் அது லாகோடு சேர்ந்து அடுக்குக்குள் போய், வெளியே வரும்போது பெருக்கலாக வந்திருக்கும்: 3 பெருக்கல் இ அடுக்கு எக்ஸ். விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கப் பத்து விநாடி போதும். பாதி வகுப்பு அதைச் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்று அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதைச் சரிபார்க்க முடியும்னே தெரியாது சார்" என்றாள் ஒரு மாணவி. அந்தப் பதில் எனக்கு வலித்தது. சாதாரணச் சமன்பாட்டுக்கு விடை ஓர் எண், அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று எட்டாம் வகுப்பிலேயே தெரியும். இங்கே விடை என்பது ஒரு சார்பு, அதையும் போட்டுப் பார்க்கலாம் என்று நாம் சொல்லவே இல்லை. முதல் நாளே 'மாறிகளைப் பிரி' என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

அதனால் இப்போதெல்லாம் முதல் இரண்டு வகுப்புகளில் நான் எதையும் தீர்க்கச் சொல்வதில்லை. ஒரு சமன்பாடு, கூடவே நான்கைந்து சார்புகள். எது பொருந்துகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் 'ஒய் = 0' என்ற சார்பையும் வேண்டுமென்றே வைப்பேன். வகைக்கெழு ஒய்-இன் வர்க்கத்துக்குச் சமம் என்ற சமன்பாட்டுக்கு அதுவும் ஒரு தீர்வு. பின்னால் மாறிகளைப் பிரிக்கும்போது ஒய்-வர்க்கத்தால் வகுத்த உடனே அந்தத் தீர்வு கைநழுவிவிடும். முன்பே பார்த்துவைத்த பிள்ளைகள் "சார், அந்தப் பூஜ்யம் எங்கே போச்சு?" என்று அவர்களாகவே கேட்கிறார்கள்.

அடுத்து, புள்ளி புள்ளியாகச் சாய்வைச் சின்னக் கோடுகளாகப் போடும் படம். பலர் இதை ஒரு மதிப்பெண் வரைபடம் என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பாடத்தின் நெஞ்சு. வகைக்கெழு 'எக்ஸ் கழித்தல் ஒய்' என்று கொடுங்கள். பிரிக்க மட்டுமே பழகிய பிள்ளை இதையும் பிய்த்து ஒய்-ஐ ஒரு பக்கமும் எக்ஸை மறுபக்கமும் தள்ளிவிடும். கழித்தலை அப்படிப் பிரிக்க முடியாது. கோடுகளைப் போட்டுப் பார்த்தாலோ, 'ஒய் = எக்ஸ் கழித்தல் 1' என்ற நேர்கோட்டின் மேல் எல்லாச் சாய்வும் 1 என்று தெரிகிறது. அந்தக் கோட்டின் சாய்வும் 1. ஆக அந்த நேர்கோடே ஒரு தீர்வு! எந்த உத்தியும் இல்லாமல் கண்ணால் பார்த்துப் பிடித்த தீர்வு.

அதே சமன்பாட்டில் (0, 1) புள்ளியிலிருந்து ஆய்லர் முறையில் (நிற்கும் இடத்தின் சாய்விலேயே நேர்கோடாக அடி அடியாக நகரும் முறை) எக்ஸில் 0.5, 0.5 என்று இரண்டு அடி வைத்தால், எக்ஸ் 1 ஆகும்போது ஒய்க்கு 0.5 கிடைக்கும். உண்மை மதிப்பு ஏறத்தாழ 0.736. ஏன் குறைந்தது? சமன்பாட்டையே இன்னொரு முறை வகையிட்டால் இரண்டாம் வகைக்கெழு '1 கழித்தல் எக்ஸ் கூட்டல் ஒய்'. தொடங்கும் இடத்தில் அது 2, வழியெங்கும் மிகை. வளைவரை மேல்நோக்கி வளைகிறது, தொடுகோடு அதற்குக் கீழேயே போகிறது. தேர்வில் 'கூடுதலா, குறைவா, காரணம் கூறுக' என்று கேட்பது இதைத்தான்.

குளிரும் நீர் கணக்குக்கு வருகிறேன். ஒரு பொருள் குளிரும் வேகம் அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது என்ற விதியை நியூட்டன் வெளியிட்டது 1701-இல். அறை வெப்பம் 20 டிகிரி, நீர் 90, பத்து நிமிடத்தில் 55. இருபது நிமிடத்தில் எவ்வளவு? நேராக 90-ஐ அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கி எழுதுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் நீர் கடைசியில் பூஜ்யத்துக்குப் போய்விடும். 20 டிகிரி அறையில் வைத்த நீர் பூஜ்யத்துக்கு எப்படிப் போகும்? 'முடிவில் எங்கே போய் நிற்கும்?' என்று முதலிலேயே கேட்டுவிட்டால், குறைவது வெப்பநிலை வித்தியாசம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். 70 பத்து நிமிடத்தில் 35 ஆனது, அடுத்த பத்தில் 17.5. விடை 37.5. வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் தந்த மக்கள்தொகைச் சமன்பாட்டிலும் இப்படித்தான். கொள்ளளவு, அதாவது மக்கள்தொகை போய் நிற்கும் எல்லை, 1000 என்றால் வளர்ச்சி வேகம் உச்சமாவது 500-இல். ஒரு வரிகூடத் தீர்க்க வேண்டாம்.

தொடக்க நிபந்தனையைப் பற்றி ('எக்ஸ் 0 ஆகும்போது ஒய் 3' போலக் கேள்வியில் தரும் புள்ளி) ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது சி-யைக் கண்டுபிடிக்க மட்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வகைக்கெழு 'கழித்தல் எக்ஸ் பை ஒய்', புள்ளி (3, -4) என்றால் 5 ஆரமுள்ள வட்டம் வரும். ஆனால் விடை அந்த வட்டத்தின் கீழ்ப் பாதிதான், அதுவும் -5க்கும் 5க்கும் இடையில் மட்டும். வர்க்கமூலத்துக்கு முன்னால் எந்தக் குறி என்பதை அந்த -4 தான் சொல்கிறது. பழக்கதோஷத்தில் கூட்டல் குறி போட்டவர்கள் எத்தனை பேர்!

"பாடம் முடிக்கவே நேரமில்லை, இதெல்லாம் எங்கே?" என்று உடன் பணிபுரியும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கஷ்டம் எனக்கும் உண்டு. ஆனால் மாறிகளைப் பிரிக்காமல் தொகையிட்டால் அந்தப் பகுதிக்கே மதிப்பெண் இல்லை, மாறிலியை விட்டால் அதற்குப் பிந்தைய வரிகளுக்கு இல்லை என்று கறாராகத் திருத்தும் தேர்வுகள் இருக்கின்றன. ஐம்பது தொகையீட்டுக் கணக்கு போட்ட பிள்ளையும் அங்கே தோற்கிறது. நான் செலவழித்த அந்த இரண்டு வகுப்புகளும் மறுபடி நடத்த வேண்டியிராததால் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.

நாளை வகுப்பில் புதுக்கணக்கு எதுவும் இல்லை. அந்த 'இ அடுக்கு எக்ஸ் கூட்டல் 2' விடையைப் பெயர் சொல்லாமல் பலகையில் முழுதாக எழுதப்போகிறேன். வகையிட்டுப் பார்த்து, எந்த வரியில் தவறியது என்று அவர்களே வந்து வட்டம் போடட்டும்.