அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்கட்டும்

கைபேசியில் ‘நாளை வருகிறேன்’ என்று தட்டச்சு செய்தால், அது தன் விருப்பத்துக்கு ‘நாளை வருகிறான்’ என்று மாற்றி வைக்கிறது. நான் ‘ச்சே’ என்று முணுமுணுப்பதற்குள் என் மூளை அந்தப் பிழையைக் கண்டுகொண்டிருக்கும். தலையில் மின்முனைகளைப் பொருத்தியிருந்தால், பிழை திரையில் தெரிந்த ஏறத்தாழ கால் நொடியில், உச்சிக்குச் சற்று முன்னால் நடுக்கோட்டில், சில மைக்ரோவோல்ட் அளவில் ஓர் அலை இறங்கி ஏறுவதைப் பார்த்திருக்கலாம்.

மனிதர் தாமே தவறான பொத்தானை அழுத்தும்போது எழும் அலையை 1990களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் ஃபால்கன்ஸ்டைன் குழுவினரும் அமெரிக்காவில் கெரிங் குழுவினரும் விவரித்துவிட்டார்கள். தவறு கருவியுடையதாக இருக்கும்போதும் மூளை இப்படி முகம் சுளிக்கிறது என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுகிறது. சுவிட்சர்லாந்தின் மார்ட்டினி நகர ஆய்வகத்தில் ஃபெரெஸும் மில்லானும் நடத்திய சோதனையில், இடம் அல்லது வலம் என்று விசையை அழுத்தியவருக்குக் கணினி வேண்டுமென்றே சில முறை எதிர்ப்பக்க நகர்வைத் திரையில் காட்டியது. ஒவ்வொரு முறையும் எழுந்த அலையை மட்டும் வைத்து, தவறான நகர்வுகளில் சுமார் 80 விழுக்காட்டையும் சரியானவற்றில் சுமார் 83 விழுக்காட்டையும் பிரித்தறிய முடிந்தது.

பேச்சும் கையசைவும் இழந்த ஒருவர் மூளையலையால் எழுத்துகளைத் தேர்ந்து எழுதும்போது, தவறாக விழுந்த எழுத்தை இந்த அலையைக் கொண்டே உடனுக்குடன் அழித்துவிடலாம் என்பது பலருக்கும் தோன்றும் யோசனை. இதில்தான் எனக்குத் தயக்கம். மேலே சொன்ன விழுக்காடுகளை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவி 100 எழுத்துகளில் 20ஐத் தவறாக இடுகிறது என்றால், 16 தவறுகள் பிடிபடும். கூடவே, சரியாக விழுந்த 80இல் 13 அல்லது 14 எழுத்துகளும் வீணாக அழிக்கப்படும். கருவி தேறி 5 தவறுகள் மட்டுமே செய்கிறது என்றால், 4 தவறுகளைத் திருத்துவதற்காக 16 நல்ல எழுத்துகளைப் பலிகொடுக்க வேண்டியிருக்கும். ‘தண்ணீர்’ என்று எழுத முயல்பவர் ‘ண்’ஐ மூன்றாம் முறையாகத் தேடிக்கொண்டிருப்பார். கருவி மேம்பட மேம்பட இந்தத் திருத்தமே தொல்லையாகிறது. சரி, அடிக்கடி தவறும் கருவிக்காவது உதவுமா என்றால், தவறு வழக்கமாகிவிட்ட இடத்தில் மூளை அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை, அலையும் தேய்ந்துவிடுகிறது.

ஆகவே, இந்த அலைக்கு அழிக்கும் அதிகாரத்தைக் கொடுக்காமல், கற்பிக்கும் வேலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. 2015இல் இத்துராத்தே குழுவினர் ஒரு ரோபோ கையை இப்படித்தான் பழக்கினார்கள்: அதன் அசைவைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் பிழை அலைகளைச் சேர்த்துக்கொண்டே போய், அவர் மனத்திலிருந்த இலக்கு எது என்று அது கற்றுக்கொண்டது. ஓர் அலையைத் தவறாகப் படித்தாலும், அடுத்தடுத்த அலைகள் அதை ஈடுகட்டிவிடும். எழுத்துப் பலகையிலோ, ஐயத்துக்குரிய எழுத்து வேறு நிறத்தில் அப்படியே நிற்கட்டும். அதை நீக்குவதா வேண்டாமா என்பதை எழுதுபவரே அடுத்த தேர்வில் சொல்லட்டும்.